பிக்கப்புக்கு சைடு ஸ்டெப்: பைப்புக்கு முன்னால் பிராக்கெட்டைப் பாருங்கள்

பிக்கப்பில் ஏறக் கதவுக்குக் கீழே மாட்டும் படிதான் சைடு ஸ்டெப். கடைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஸ்டெப்பைப் பார்த்தால் கண் முதலில் போவது பைப்பின் மினுமினுப்புக்குத்தான். கூடவே பாலித்தீன் கவரில் போட்டுத் தரும் பிராக்கெட்டையும் போல்டையும் பிரித்துப் பார்க்கிறவர் குறைவு. குமரி மாவட்டத்தில் ஸ்டெப் கெடத் தொடங்குவது அந்தக் கவருக்குள் இருக்கும் சாமான்களில்தான். பைப்பின் மேலே கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்கும். அடியில் அதைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் தகடு உப்புக்காற்றில் பொருமி, ஏடு ஏடாக உரிந்து, ஒருநாள் ஆள் காலை வைத்ததும் மடங்கும். அதனால் இந்தக் கட்டுரையில் அழகைப் பற்றிய பேச்சு கம்மி. அளவு, தகடு, போல்ட், உப்பு இவைதான் அதிகம்.

வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஏறுகிறார்கள்

ஒரே மாடல் வண்டிதான். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் ஏற்றும்போது அதற்கு ஒரு ஸ்டெப் வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஏறும்போது வேறொன்று வேண்டும். நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கும் தோவாளைப் பூச்சந்தைக்கும் தார் ரோட்டில் மட்டும் போய் வரும்போது இன்னொன்று போதும்.

கடற்கரை வண்டிக்கு எதிரி இரண்டு. காற்றில் வரும் உப்பு ஒன்று. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் மற்றொன்று. காற்றை விட இதுதான் வேகமாகத் தின்னும். தோட்ட வண்டிக்கு முதல் பிரச்சினை கல்லும் மேடும். அடுத்தது, பலர் யோசிக்காதது: ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட். ஒட்டுப்பாலும் (தானாக உறைந்த ரப்பர்) ஈர ரப்பர் ஷீட்டும் ஏற்றும் வண்டியில் வடிகிற தண்ணீர் புளிப்பானது. துத்தநாகப் பூச்சை அது அரிக்கும். கடற்கரைக்குச் சிறந்ததான கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) ஸ்டெப்பைத் தோட்டத்து வண்டியில் அப்படியே மாட்டினால், பால் வடியும் இடத்தில் மட்டும் வெள்ளை மாவு பூத்து, பிறகு துரு எட்டிப் பார்க்கும். அங்கே கால்வனைசிங்குக்கு மேல் பெயின்டும் வேண்டும்.

அடுத்து, ஏறுகிற கால். சேலை கட்டிய அம்மாவும் வேட்டி கட்டிய பெரியவரும் ஏறும் வீட்டு வண்டிக்கு அகலமான பலகை வேண்டும். சாரத்தை (கைலியை) மடித்துக் கட்டி ரப்பர் செருப்போடு குதித்து ஏறும் டிரைவருக்கு வழுக்காத மேற்பரப்பு வேண்டும். துறைமுகத்தில் வெறுங்காலோடு ஏறுகிறவர்களுக்கு, பல்பல்லாகக் குத்தும் ‘கிரிப்’ தகடு ஆகாது. பூட்ஸ் போட்டவருக்காகச் செய்த அந்த மாதிரித் தகடு உள்ளங்காலைக் கிழித்துவிடும்.

முதலில் டேப்பை எடுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயருக்கும் சரியான காற்று அடித்துவிட்டு அளக்க வேண்டும். ஒரு தடவை காலி வண்டியில், ஒரு தடவை வழக்கமான லோடோடு. பலர் காலி வண்டியில் மட்டும் அளந்துவிட்டு வாங்கி வருகிறார்கள். லீஃப் ஸ்பிரிங் அமுங்கிப் பின்பக்கம் இறங்கும்போது நடுவிலுள்ள ஸ்டெப்பும் சேர்ந்து இறங்கும் என்பது முதல் தோட்டப் பாதையில்தான் நினைவுக்கு வரும்.

தரையிலிருந்து கேபின் தரை எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஸ்டெப்பின் மேல்பரப்பு தரையிலிருந்து 35 செ.மீ. அளவில் வந்தால் வசதி. முதல் காலடி ஏற்றம் 35, அடுத்தது 25. ஸ்டெப்பை 45 செ.மீ.க்கு ஏற்றி வைத்தால் இளசுகளுக்குச் சரி, மூட்டு வலிக்காரருக்கு அது ஸ்டெப்பே இல்லை. 30க்குக் கீழே இறக்கினால் ஏறுவது சுகம்தான், ஆனால் முதல் வரப்பிலேயே இடிக்கும். வயதானவர் ஏறும் வண்டியானால் அவரையே வரவழைத்து, ஒரு மரப்பலகையைச் செங்கல்மேல் அடுக்கி ஏறச் சொல்லிப் பாருங்கள். எந்த உயரத்தில் கதவுக் கைப்பிடியைத் தேடாமல் ஏறுகிறாரோ அதுதான் அளவு.

வெளி அகலத்தைப் பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். முன், பின் மட்கார்டின் வெளி விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறியிட்டு, இரண்டு குறிகளையும் கோட்டால் சேருங்கள். ஸ்டெப்பின் வெளி விளிம்பு அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். நம் ரோடுகளின் அகலம் தெரிந்ததுதான். மார்த்தாண்டம் சந்தைப் பக்கமோ தக்கலையின் உள்தெருக்களிலோ பைக் ஒட்டி உரசிப் போகும்போது, 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பைப் நுனி பைக்காரரின் ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டும். இல்லாவிட்டால் அவர் கணுக்காலில்.

முன் டயரை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். டயர் ஓரத்துக்கும் ஸ்டெப் தொடங்கும் இடத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு கதவைத் திறந்து, கதவின் கீழ் விளிம்பு ஸ்டெப் வரப்போகும் உயரத்துக்கு மேலே 5 செ.மீ. தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். டபுள் கேபின் வண்டியில் பின் கதவையும் மறக்க வேண்டாம். சில ஸ்டெப்புகள் முன் கதவுக்கு நேராக முழுக்கால் வைக்க இடம் கொடுத்துவிட்டு, பின் கதவுக்குப் பாதி வரும்போதே முடிந்துவிடும்; பின் சீட்டில் ஏறுபவர் வளைந்து போகிற பைப் நுனியில் காலை வைத்து வழுக்குவார்.

தோட்டப் பாதையில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளில் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவே சுமார் 3.1 மீட்டர். நடுவயிறு தரையிலிருந்து 22½ செ.மீ. உயரத்தில் இருந்தால், வண்டி முட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் தோராயமாக 16½ டிகிரி. ஸ்டெப் 5 செ.மீ. கீழே தொங்கி அது 17½ ஆனால் கோணம் 13 டிகிரிக்கு இறங்கிவிடும். காகிதத்தில் 3½ டிகிரி வித்தியாசம் சிறிதாகத் தெரியும். மழை அறுத்துப் போட்ட பாதையில், தண்ணீர் தடுக்க வெட்டிய குறுக்கு வரம்பில், அதுதான் ‘தாண்டியது’க்கும் ‘தட்டியது’க்கும் உள்ள தூரம்.

என்னென்ன வகை

3 அங்குல உருண்டைப் பைப், அதாவது 76 மி.மீ., கதவுக்கு நேராக மட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியது: எங்கும் கிடைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உருண்டையின் மேல் கால் உண்மையில் பதியும் அகலம் நாலு ஐந்து செ.மீ. தான். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், அதாவது வருடத்தில் நாலு மாதம், நம் ஊரில் அது ஈரமாகவே இருக்கும். இந்த மாவட்டத்துக்கு உருண்டைப் பைப்பை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அதே பைப்பில் கதவுக்குக் கீழே தனியாக இறக்கிவைத்த தட்டையான படி இருந்தால் சரி.

4 முதல் 6 அங்குல முட்டை வடிவப் பைப், மேல்பக்கம் தட்டையாக இருப்பது, பெரும்பாலோருக்குப் போதுமானது. 13 முதல் 15 செ.மீ. அகலப் பலகை வீட்டு வண்டிக்கு மிக வசதி. குறை, சேறும் மணலும் அதன்மேல் தங்கும், ரப்பர் மேட் இருந்தால் அதன் அடியில் உப்புத்தண்ணீரும் தங்கும். மேட் கழற்றிக் கழுவ முடியாதபடி ஒட்டியிருந்தால் அந்தப் பலகையைக் கடற்கரை ஊருக்கு வாங்காதீர்கள்.

ராக் ஸ்லைடர் என்பது படி அல்ல, கவசம். கனமான பைப்பைச் சேசிஸிலிருந்து நேராக நீட்டி, கல்மேல் வண்டியே உட்கார்ந்தாலும் தாங்கும்படி செய்தது. உண்மையான ஸ்லைடரை ஜாக்கி வைத்துத் தூக்கலாம். சாதா ஸ்டெப்பைத் தூக்கினால் அது மடங்கும். கோதையாறு பக்கமோ மாறாமலை பக்கமோ வாரத்தில் நாலு நாள் ஏறுகிறவருக்கு அர்த்தமுள்ள செலவு. மற்றவர்களுக்கு வீண் எடை. அந்த எடை லோடிலிருந்துதான் கழியும்.

கதவைத் திறந்தால் தானாக இறங்கும் மோட்டார் ஸ்டெப்பும் வந்துவிட்டது. மோட்டார், கீல், கனெக்டர் எல்லாம் சக்கரம் வீசும் தண்ணீரிலேயே நனைந்துகொண்டிருக்கும். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் இதற்குப் பணம் போடுவது பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

சரக்கு பாடிக்கு ஏறுவது தனிப் பிரச்சினை. லோடுமேன்கள் வழக்கமாகப் பின் டயரில் காலை வைத்து, பாடிக் கொக்கியைப் பிடித்து ஏறுவார்கள். ஈர டயரில் இது விழுகிற வேலை. கேபின் ஸ்டெப்பைப் பின்வரை நீட்டுவதை விட, கேபினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 40 செ.மீ. உயரத்தில் தனிப் படி ஒன்று போடுவது மேல். டிப்பர், மண்வெட்டும் இயந்திரங்களில் பார்த்திருப்பீர்கள்: கீழ்ப்படி கனமான ரப்பர் பெல்ட்டில் தொங்கும், கல் தட்டினால் மடங்கிக்கொடுத்துவிட்டுத் திரும்ப நிற்கும். வாழைக்குலை ஏற்றும் வண்டிக்கு அந்த யோசனை நன்றாகப் பொருந்துகிறது.

இரும்பு, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம்

சாதா இரும்பில் பவுடர் கோட்டிங் அடித்தது மலிவு. முன் டயர் வீசும் கல் ஒரு பொட்டு தெறிக்க வைத்தால் போதும், அந்தப் பொட்டு வழியாக உப்பு உள்ளே போய்ப் பூச்சுக்கு அடியிலேயே பரவும். மேலே விரலால் தடவினால் கொப்புளம் போலத் தட்டுப்படும். அந்த நிலையில் மேலே பெயின்ட் அடிப்பது வீண். சுரண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு முழு ஸ்டெப்பையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது ஹாட் டிப் கால்வனைசிங். 3 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டில் சுமார் 70 மைக்ரான் பூச்சு நிற்கும். கடையில் மஞ்சளாக, நீலமாக மின்னும் போல்டுகளில் இருக்கும் எலக்ட்ரோ பிளேட்டிங் 5 முதல் 12 மைக்ரான்தான். இந்த இரண்டையும் ‘ஜிங்க் போட்டது’ என்று ஒரே பேச்சில் சொல்லி விற்பார்கள். மீன் வண்டிக்கு முதல் தேர்வு ஹாட் டிப். அழகு கொஞ்சம் குறைவு, சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.ஸில்தான் ஏமாறுவது அதிகம். “304 தான் அண்ணே, காந்தம் ஒட்டாது பாருங்க” என்று காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். 304 என்பது எஸ்.எஸ்.ஸின் ஒரு கிரேடு; தரம் குறைந்த 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது. காந்த சோதனையால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. 304-இல் நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202-இல் அதைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள், அது உப்புக்குத் தாங்காது. பழைய எஸ்.எஸ். வாங்கும் கடைகளில் சொட்டு மருந்து ஒன்று வைத்திருப்பார்கள்; மாங்கனீஸ் கூடுதலாக இருந்தால் சிவக்கும். பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்வது அதை விட எளிது. எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. 304 கூடக் கடலோரத்தில் டீத் தண்ணீர் தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழும். பலம் குறையாது, பார்வை குறையும். மாலிப்டினம் கலந்த 316 அதையும் தாங்கும், விலையும் அதற்கேற்ப.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அலுமினியப் பலகையை இரும்பு பிராக்கெட்டில், எஸ்.எஸ். போல்டால் இறுக்கி, அதில் உப்புத்தண்ணீர் பட்டால் மூன்றும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும். கரைவது அலுமினியம்தான். போல்ட் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டி, துளை பெரிதாகி, பலகை ஆடும். நடுவே நைலான் வாஷரும் ரப்பர் ஷீட்டும் வைத்து உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரித்தால் இது வராது.

பைப்பின் கனத்தைத் தெரிந்துகொள்ள மளிகைக் கடைத் தராசு போதும். 76 மி.மீ. பைப், 1.8 மீட்டர் நீளம்: சுவர்க்கனம் 2 மி.மீ. என்றால் பைப் மட்டும் சுமார் 6½ கிலோ, 1.2 மி.மீ. என்றால் 4 கிலோ. 4 கிலோ பைப் கையில் இலகுவாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். பிராக்கெட் பிடிக்கும் இடத்தில் அது நசுங்கி உள்வாங்கும்.

பிராக்கெட்: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்

80 கிலோ ஆள் ஸ்டெப்பின் வெளி ஓரத்தில் ஏறுகிறார். அவர் கால் இருக்கும் இடம், பிராக்கெட் போல்ட் இருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி. பிராக்கெட்டில் மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் இடைவெளி 5 செ.மீ. என்றால், மேல் போல்டை வெளியே இழுக்கும் விசை 80 × 30 ÷ 5, அதாவது 480 கிலோ. போல்ட் இடைவெளி 10 செ.மீ. ஆனால் அதே ஆளுக்கு 240 கிலோ. இது அமைதியாக ஏறுகிறவர் கணக்கு. தோளில் சாக்கோடு குதித்து ஏறினால் இன்னும் கூடும். எனவே கடையில் பிராக்கெட்டைக் கையில் எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: தகடு 5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா, போல்ட் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா, வளைவில் முக்கோணத் தாங்கு தகடு வைத்து வெல்டு செய்திருக்கிறதா. டபுள் கேபினுக்கு ஒரு பக்கம் 3 பிராக்கெட், சிங்கிள் கேபினுக்கு 2. டபுள் கேபினுக்கு இரண்டே பிராக்கெட் தரும் கிட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எங்கே பிடிக்கிறது என்பதும் முக்கியம். பிக்கப்பில் கேபின், சேசிஸ்மேல் ரப்பர் மவுண்ட்களில் உட்கார்ந்திருக்கிறது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் ஒரு பக்கம் முறுக்கும், கேபின் வேறு பக்கம் அசையும். பிராக்கெட்டின் ஒரு முனையைச் சேசிஸிலும் இன்னொன்றைக் கேபின் அடித்தகட்டிலும் பிடித்தால் அந்த இரண்டு அசைவுக்கும் நடுவே ஸ்டெப் மாட்டிக்கொள்ளும். முதலில் ‘கிரீச்’ சத்தம், பிறகு கேபின் தகட்டில் வெடிப்பு. முழுதும் சேசிஸில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுதும் கேபின் அடிவிளிம்பில் கம்பெனி போட்ட நட் துளைகளில் பிடிக்க வேண்டும். சேசிஸில் பிடிக்கும் ஸ்டெப்புக்கும் கேபினுக்கும் நடுவே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி கட்டாயம். அழகுக்காக ஒட்டி வைத்தால் பெயின்ட் உரசி, உரசிய இடத்தில் துரு.

பட்டறையில் சொல்லிச் செய்தால்

நல்ல வெல்டர் கிடைத்தால் பட்டறை ஸ்டெப் கடை ஸ்டெப்பை விட நன்றாகவே அமையும். சில நிபந்தனைகளை முதலிலேயே பேசிவிடுங்கள். சேசிஸில் வெல்டு கூடாது. சூட்டில் அந்த இடத்தின் பலம் மாறும். சேசிஸின் மேல், கீழ் விளிம்புத் தகடுகளில் துளை போடவும் கூடாது. வண்டியின் வளைவை எல்லாம் தாங்குவது அவைதான். ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். வண்டியில் எங்கே வெல்டு செய்வதானாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். பி.எஸ். 6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் இதை மறந்தால் கம்ப்யூட்டர் பெட்டிக்கே செலவு வரும்.

ஜி.ஐ. பைப்பை (ஏற்கெனவே துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை) வெட்டி வெல்டு செய்தால் துருப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. வெல்டு பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்தப் புகை வெல்டருக்குக் குளிர் காய்ச்சலையும் கொடுக்கும். முதலில் துருவைத் துடைத்த சாதா இரும்பில் செய்து, பிறகு கால்வனைசிங்குக்கு அனுப்புவதே சரி. அனுப்பும் பைப்பின் இரு முனையிலும் காற்றுத்துளை விட்டிருக்க வேண்டும். மூடிய பைப் சூடான துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும். அதே துளைகள் பின்னாளில் மழைநீர் வடியவும் உதவும். கால்வனைசிங் வசதிப்படாவிட்டால் துத்தநாகம் கூடிய பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் எபாக்ஸி.

மிதிக்கும் தகட்டுக்கு செக்கர்டு பிளேட் (மேடு வரிகள் உள்ள தகடு) போடுகிறவர்கள், அதில் 10 மி.மீ. துளைகள் வரிசையாகப் போடச் சொன்னால் தண்ணீரும் மீன் செதிலும் கீழே போய்விடும். துளை ஓரங்களை அரத்தால் மழுக்க வேண்டும்.

மாட்டும் முறை

1. எல்லாச் சாமானையும் தரையில் பரப்பி எண்ணுங்கள். இடது பிராக்கெட்டும் வலது பிராக்கெட்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், துளை மட்டும் மாறியிருக்கும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

2. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். ஸ்டாண்ட் இருந்தால் மட்டும்.

3. சேசிஸின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் குழாய், டீசல் குழாய், வயர் கட்டு, டீசல் டாங்க், சைலன்ஸர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகுதான் போல்டைத் தொட வேண்டும். நீளமான போல்டின் முனை பிரேக் குழாயை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆறு மாத அதிர்வில் தேய்த்துத் துளை போட்டுவிடும்.

4. துளைகளில் அடைத்த ரப்பரையும் சேற்றையும் எடுத்து, வயர் பிரஷ் போட்டு, டபிள்யூ.டி. 40 (துருவை இளக்கும் ஸ்பிரே) தெளித்துக் கால் மணி நேரம் விடுங்கள். நட் மரை துருவில் அடைத்திருந்தால் அதே அளவு மரை வெட்டும் கருவியை (அளக்கும் டேப் அல்ல, மரை ‘டேப்’) போட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். புதுப் போல்டையே முறுக்கிச் சுத்தம் செய்யப் பார்த்தால் கேபினுக்குள் இருக்கும் நட் கழன்று போல்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். அதைச் சரிசெய்யக் கேபின் தகட்டை வெட்ட வேண்டி வரும்.

5. எல்லா பிராக்கெட்டையும் கையால் மட்டும் மாட்டுங்கள். எதையும் இறுக்காதீர்கள்.

6. ஒருவர் ஸ்டெப்பைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் போல்டைப் போடட்டும். முன் முனையும் பின் முனையும் தரையிலிருந்து ஒரே உயரம், கேபினிலிருந்து ஒரே இடைவெளி என்று டேப்பால் பாருங்கள். கண்ணளவு போதாது, வண்டி நிற்கும் தரையே சாய்ந்திருக்கலாம்.

7. நடு பிராக்கெட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் இறுக்கிக்கொண்டு போங்கள். 8.8 என்று தலையில் பொறித்த போல்ட் என்றால் எம்8-க்கு (8 மி.மீ. கனம்) இறுக்கும் விசை சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 45 முதல் 50, எம்12-க்கு 80. கிட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்) இல்லாதவருக்கு: 25 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 20 கிலோ எடை தொங்குகிற அளவு அழுத்தினால் ஏறக்குறைய 50. எஸ்.எஸ். போல்டில் எஸ்.எஸ். நட் என்றால் காற்று கன் (காற்றழுத்தத்தில் போல்டை முறுக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். வேகத்தில் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பாதியில் பூட்டிக்கொள்ளும். மரை ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவிக் கையால் இறுக்குங்கள். பேஸ்ட் தடவினால் விசையைக் கொஞ்சம் குறையுங்கள்.

8. எல்லாக் கதவையும் முழுதாகத் திறந்து மூடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்டெப் மறைக்கிறதா என்று உங்கள் வண்டியின் ஜாக்கியையே வைத்துப் பாருங்கள். மறைத்தால் ஆரல்வாய்மொழிக் காற்றில் நடுரோட்டில் பஞ்சர் பார்க்கும்போது தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிவது நல்லது.

9. இரண்டு முனையிலும் நடுவிலும் ஆள் ஏறி நின்று மெல்லக் குலுக்கிப் பாருங்கள். 3, 4 மி.மீ. இறங்கித் திரும்ப வந்தால் சரி. ஒரு செ.மீ. இறங்கினாலோ ‘டக்’ என்று கேட்டாலோ எங்கோ போல்ட் உட்காரவில்லை.

10. கீறிய இடம், போல்ட் தலை, துளை ஓரம் எல்லாவற்றுக்கும் துத்தநாக பிரைமர் தொட்டுவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டியதும் திரும்ப எல்லாப் போல்டையும் இறுக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் பெயின்டும் வாஷரும் அமுங்கி எல்லாப் போல்டும் கொஞ்சம் தளரும். இதைச் செய்யாததால்தான் பாதி ஸ்டெப்புகள் சத்தம் போடுகின்றன.

சட்டம் பற்றி இரண்டு வரி

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்யச் சொன்னது புல் பார், க்ராஷ் கார்டு வகைகளை. வண்டி அகலத்துக்கு வெளியே நீட்டாத, கம்பெனி அங்கீகரித்த ஸ்டெப்பை பில்லோடு வாங்குவது பாதுகாப்பு. பட்டறையில் செய்வதானால் டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடுதல் சாமானாகச் சொல்லி எழுத வைத்தால்தான் இடிபட்ட ஸ்டெப்புக்குப் பணம் கேட்க முடியும். ஓடும் வண்டியின் ஸ்டெப்பில் ஆள் நிற்பது 123-ஆம் பிரிவின்படி குற்றம், நிற்பவருக்கும் ஓட்டுபவருக்கும். துறைமுகத்திலிருந்து மெயின் ரோடு வரை ‘சும்மா கொஞ்ச தூரம்’ நிற்பதும் இதில் சேர்த்திதான்.

கழுவுவதும் கவனிப்பதும்

மீன் லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே மட்டும் அல்ல; ஹோஸைத் திருப்பிப் பிடித்து பிராக்கெட்டின் உள்பக்கம், போல்ட் தலைக்குப் பின்னால், பைப் முனைத் துளைக்குள் எல்லாம் அடிக்க வேண்டும். கடலோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீரே உப்பு கலந்தது. நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீரால் கழுவுவதில் அர்த்தமில்லை. பைப் முனை பிளாஸ்டிக் மூடி இறுக அடைத்து வடிகால் துளையே இல்லாமல் வந்திருந்தால், அடியில் 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, துளைக்குப் பெயின்ட் தொடுங்கள். குலுக்கும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கும் ஸ்டெப் ஏற்கெனவே உள்ளிருந்து அழுகிக்கொண்டிருக்கிறது.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் நம் பக்கம் பரவலாக உண்டு. இரும்புக்கு அது கொஞ்ச நாள் காவல்தான். ஆனால் கேபின் மவுண்ட், புஷ் ரப்பர் எல்லாம் ஊறி உப்பும், மிதிக்கும் இடத்தில் பட்டால் ஆள் வழுக்கும். அதற்குப் பதில் பிராக்கெட்டின் உள்பக்கத்துக்கு மெழுகு வகை அண்டர்பாடி கோட்டிங் போடுங்கள்.

முன் டயருக்குப் பின்னால் மட்ஃபிளாப் இல்லையென்றால் இன்றே ஒன்று மாட்டுங்கள்; ஸ்டெப்பின் முன் முனை முதலில் துருப்பிடிக்கக் காரணம் பெரும்பாலும் அந்த டயர் வீசும் கல்தான். சர்வீஸுக்கு விடும்போது லிஃப்ட் கையை ஸ்டெப்புக்கு அடியில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, சாரல் தொடங்கும் முன் மே மாதத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு போல்டை முழுதாகக் கழற்றி மரையைப் பாருங்கள். மரை கூர்மையாக இருந்தால் பேஸ்ட் தடவித் திரும்பப் போடலாம். மரையில் துரு ஏடு ஏடாக வந்தால் அந்தப் பக்கத்துப் போல்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது மழைக்காலத்தில் அறுபடும்.